புனேயிலிருந்து புதுக்கோட்டைக்குச் சைக்கிளில்: முதல் ஐந்து நாட்கள்

நம் சங்கத்தின் சித்திரைத் திருநாள் விருந்தில் இலை போட்டு உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர் முதல் எதிர் வரிசைக்காரர் வரை என்னிடம் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். "முழங்கால் வலிக்கலையா? ராத்திரி எங்கே தங்கினீங்க? வீட்ல எப்படிம்மா விட்டாங்க?" பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. மலர்க் குழுவினர் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஊறுகாய், பொடி வகை செய்து விற்கத்தான் தெரியும். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை காலையில் புனேயிலிருந்து தனியாகச் சைக்கிளில் கிளம்பி, பதினைந்தாம் நாள் புதுக்கோட்டை பக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுமார் 1,200 கிலோமீட்டர். அப்போது எனக்கு வயது 47. இந்தக் கட்டுரையில் முதல் ஐந்து நாட்களைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். காரணம் இருக்கிறது. ஆறாம் நாளுக்குப் பிறகு உடம்பு தானாகவே ஓட்டிக்கொண்டு போனது. வலி, பயம், திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம், செய்த முட்டாள்தனங்கள் எல்லாம் பெல்காம் வருவதற்குள் முடிந்துவிட்டன. நம் பிள்ளைகளில் யாராவது இப்படிப் போக ஆசைப்பட்டால் அவர்களுக்கு உதவக்கூடியதும் இந்த ஐந்து நாள் கதைதான்.

முதலில், எனக்கு ஏன் இந்த ஆசை என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அதையும் இயக்கத்தோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992-ல் எனக்கு 17 வயது, அம்மாவுக்கு 40. நான் குரங்குப் பெடல் போட்டு முன்பே கொஞ்சம் பழகியிருந்தேன். அம்மா கல் குவாரியில் வேலை செய்தவர். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் ஏரிக்கரையில் பழகினார். நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடைசியில் வாங்கியது லேடீஸ் சைக்கிள் இல்லை, கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். முன்கம்பியில் என் தம்பியை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டலாம் என்பது அம்மாவின் கணக்கு.

1997-ல் கல்யாணமாகிப் புனே வந்தேன். ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஆனால் நான் இங்கே இருபத்து மூன்று வருடம் பெடலில் கால் வைக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 2020-ல் ஊரடங்கு தளர்ந்தபோது, மகன் வாங்கி ஓட்டாமல் போட்டு வைத்திருந்த கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். முதலில் பால் வாங்க, பிறகு காத்ரஜ் வரை, பிறகு மலையேறிப் பழைய சுரங்கம் வரை. இரண்டு வருடத்தில் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் பழகிவிட்டது. அப்புறம்தான் அம்மாவைப் பார்க்கச் சைக்கிளிலேயே போனால் என்ன என்று தோன்றியது. அம்மாவுக்கு 70 வயது. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. சைக்கிள் விட்டுப் பல வருடம் ஆகிறது. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே நான் சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா போனில் சொன்ன பதில்: "கிறுக்குப் புடிச்சிருக்காடி? பஸ்சுல வா."

என் கணவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மூன்று நிபந்தனை போட்டார். மாலை நாலு மணிக்குமேல் ரோட்டில் இருக்கக் கூடாது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை எங்கே இருக்கிறேன் என்று செய்தி அனுப்ப வேண்டும். அவர் திரும்பி வா என்று சொன்னால் வந்துவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றேன். மூன்றாவதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த சைக்கிள் தேவையே இல்லை. ஐரிஷ் எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் அயர்லாந்திலிருந்து தனியாக இந்தியா வரை ஓட்டி வந்தது ஒரு சாதாரண ஆண்கள் சைக்கிளில். அதில் இருந்த கியரையும் ரோட்டுக்குத் தாங்காது என்று கிளம்பும் முன் கழற்றிவிட்டாராம். (அந்த அம்மாள் 2022 மே மாதம் 90 வயதில் காலமானார்.) அதற்கு நாற்பது வருடம் முன்பு, 1923 அக்டோபரில், ஆறு பார்சி இளைஞர்கள் பம்பாயிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் மூன்று பேர் 1928-ல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். அந்தக் காலத்து ரோட்டை நினைத்தால் நான் போனது பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் எனக்கு மலையில் கியர் வேண்டியிருந்தது. அதை வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறேன்.

மகனுடைய சைக்கிளில் 21 கியர். எடை 14 கிலோ இருக்கும். பின் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பைகள் மாட்டினேன். முதுகில் பை மாட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பிலும் இறங்கி, அங்கிருந்து சீட்டில் அழுத்தும். கனமானதைக் கீழேயும், இரண்டு பக்கமும் சம எடையாகவும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகப் போகும்போது சைக்கிள் குடிகாரனைப் போல ஒரு பக்கம் இழுக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு கடையில் கொடுத்து இந்தக் கேரியரை மாட்டினேன். அந்தக் கடையில் நடந்தது எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினேன். புது வருடப் பிறப்பு என்பதால் ரோடு காலியாக இருந்தது. காத்ரஜ் பழைய மலைப்பாதை எனக்குப் பழக்கம்தான், ஆனால் வெறும் சைக்கிளோடு. பையில் 13 கிலோ ஏற்றிக்கொண்டு ஏறினால் அது வேறு மலை. சுரங்கம் தாண்டி இறங்கி நெடுஞ்சாலையில் சேர்ந்தேன். நாம் பல வருடம் என்.எச். 4 என்று சொல்லிப் பழகிய பெங்களூர் ரோடுதான், இப்போது எண் 48. புனே - மும்பை எக்ஸ்பிரஸ் வேயில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இந்த ரோட்டில் அந்தத் தடை இல்லை. இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் தாராளமாகப் போக இடம் உண்டு. அந்த ஓரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வருவதுதான் பெரிய ஆபத்து. லாரிக்காரர்களைவிட எனக்கு அவர்களிடம்தான் பயம்.

நீரா ஆற்றைத் தாண்டினால் சாத்தாரா ஜில்லா. ஷிர்வல் பக்கம் போகும்போது, சாவித்திரிபாய் பூலே பிறந்த நாய்காவ் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான் என்று நினைவு வந்தது. ஜனவரி 3 அவருடைய பிறந்த நாள். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். உள்ளே போய்ப் பார்க்க ஆசை. ஆனால் சாத்தாரா போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில் போகவில்லை. முதல் நாளிலேயே 105 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டதுதான் என் முதல் முட்டாள்தனம். வீட்டில் காகிதத்தில் எழுதும்போது எல்லா நாளும் ஒரே மாதிரி தெரியும். உண்மையில் முதல் நாள் பழக்கப்பட்ட தூரத்தைவிடக் குறைவாகத்தான் வைக்க வேண்டும். பாரத்தோடு ஓட்டுவது உடம்புக்குப் புதிது.

அடுத்து கம்பாட்கி காட். நான் போனபோது வடக்கே வருகிற வண்டிகளுக்குத்தான் சுரங்கப்பாதை. தெற்கே போகிறவர்கள் மலை ஏறித்தான் ஆக வேண்டும். சில கிலோமீட்டர்தான், ஆனால் விடாத ஏற்றம். இங்கே கியரைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்றம் வந்த பிறகு கியரைக் குறைக்கக் கூடாது. செயின் இறுக்கமாக இருக்கும்போது மாற்றினால் கடகடவென்று சத்தம் போட்டுக் கழன்றுவிடும், அறுந்தாலும் அறுந்துவிடும். ஏற்றம் கண்ணில் பட்டவுடனேயே, கால் இலகுவாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். பிறகு சின்னச் சின்ன மிதியாக, நிமிடத்துக்கு எழுபது சுற்றுக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். பெரிய கியரில் அழுத்தி மிதித்தால் பலசாலி மாதிரி தோன்றும், ஆனால் ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில் போய் உட்காரும். மூச்சு வாங்கினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். முழங்கால் போனால் பயணம் போச்சு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதிலும் அவமானம் இல்லை. நான் இரண்டு இடத்தில் தள்ளினேன். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வரக் கூடாது, சூடாகிவிடும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும்.

சாத்தாராவில் அஜிங்க்யதாரா கோட்டை தெரிந்தபோது மணி ஐந்தரை. முதல் நிபந்தனை முதல் நாளே மீறப்பட்டது. நான் முதலில் போன லாட்ஜில் "கூட யார்?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றதும் ரூம் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த பெரியவர் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பையனை அனுப்பினார். அன்றிலிருந்து முந்தைய நாளே போன் செய்து, "தனியாக வருகிறேன், பெண், சைக்கிளோடு" என்று மூன்றையும் சொல்லி இடம் பிடித்துக்கொண்டேன்.

இரவு மாடிப்படி இறங்க முடியவில்லை. இரண்டு முழங்காலிலும் முன்பக்கம், சில்லுக்குக் கீழே, ஊசி குத்துகிற மாதிரி வலி. கணவர் போனில் கேட்டார். "ஒண்ணுமில்லை, கொஞ்சம் அசதி" என்றேன். இருபத்தைந்து வருடம் கூட இருந்தவருக்கு என் குரல் தெரியாதா? "காலையில கார் எடுத்துட்டு வரேன். மூணு மணி நேரம்தானே" என்றார். "கராட் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அன்று இரவு படுத்துக்கொண்டு, சங்கத்தில் யார் யாரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன் என்று எண்ணினேன். உண்மையைச் சொன்னால், மறுநாள் என்னை சைக்கிளில் ஏற வைத்தது தைரியம் இல்லை, அந்த வெட்கம்தான்.

கராட் 54 கிலோமீட்டர். பாதி தூரத்தில், உம்ப்ரஜ் வருவதற்கு முன்னால், பின் டயர் உட்கார்ந்துவிட்டது. நெடுஞ்சாலைப் பஞ்சரைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. ஆணியைவிட அதிகமாகக் குத்துவது கம்பி. லாரிகளின் ரேடியல் டயருக்குள் மெல்லிய எஃகுக் கம்பி பின்னியிருக்கும். டயர் வெடித்தால் அந்தக் கம்பித் துணுக்குகள் ரோட்டு ஓரத்தில் சிதறிக் கிடக்கும். முடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ட்யூபுக்குப் பட்டி போட்டு மாட்டினாலும், கம்பி டயருக்குள்ளேயே இருந்தால் அரை மணியில் மறுபடி காற்றுப் போய்விடும். ஆகவே டயரின் உட்பக்கம் முழுவதும் கொஞ்சம் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி. விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும்.

பையையெல்லாம் இறக்கிப் போட்டு, உப்புத்தாளால் ட்யூபைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். முன்னால் ஒரு லாரி ஓரம் கட்டி நின்றது. டி.என். 28. நாமக்கல் வண்டி! டிரைவர் இறங்கி வந்து டயரைச் சுற்றிப் பார்த்தார். மராத்தியில் ஏதோ ஆரம்பித்தவர், பையில் ஒட்டியிருந்த என் ஊறுகாய் லேபிளைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, தமிழுங்களா? தனியாவா வர்றீங்க?"

"ஆமாம் தம்பி. புனேயிலிருந்து. புதுக்கோட்டைக்குப் போறேன்."

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்திரிச்சு நில்லுங்க, பார்ப்போம்" என்றார். எழுந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"வலி போலிருக்குதுங்களே. ஓசூருக்குத்தானுங்க போறோம். சைக்கிளை மேல தூக்கிப் போட்டுக் கயிறு கட்டிர்றேன். கேபின்ல உக்காந்துக்குங்க. நாளைக்கு ஓசூர்ல இறங்கிக்கலாம். அங்கிருந்து ஓட்டிட்டுப் போங்க, யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியப் போகிறது என்று அவர் சொன்னது நல்ல மனதோடுதான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. முழங்கால் ஒரு பக்கம், கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிற கணவர் ஒரு பக்கம். அம்மாவிடம் ஓசூரிலிருந்து வந்தேன் என்று சொல்லவா, புனேயிலிருந்து என்று சொல்லவா என்றுகூட யோசித்துவிட்டேன். அதற்குள் பட்டி காய்ந்துவிட்டது. "பஞ்சர் சரியாயிடுச்சா பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று, டயரை மாட்டிக் காற்றடித்து, பை இல்லாமல் அந்த ஓரத்திலேயே ஒரு சுற்று ஓட்டினேன்.

லாரியில் இருந்த கிளீனர் பையன் சிரித்தான். "அக்கா, பெரியவங்க சின்னப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டற மாதிரியே இருக்குதுங்க. முட்டி வெளிய வருது."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சீட்டின் உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். வைத்துப் பார்த்தேன். என் கால் குதிகால் வைத்தும் நன்றாக மடங்கியே இருந்தது. ஆலன் கீயால் தளர்த்திச் சீட்டை மேலே இழுத்தேன். சீட்டுத் தண்டில் இரண்டு வருடமாக இருந்த பழைய தடம் மூன்று சென்டிமீட்டர் மேலே வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கேரியர் மாட்டிய கடையில் சீட்டைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது இறக்கிவிட்டிருக்கிறார்கள். பாரம் ஏற்றினால் சைக்கிள் இப்படித்தான் இருக்கும்போல என்று நானும் 130 கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிகம் உயர்ந்திருந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பும் இரண்டு பக்கம் ஆடும். இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். தெரிந்ததை நேரத்தில் நினைக்கவில்லை. இனிமேல் கடையில் சைக்கிளைக் கொடுக்கும் முன் சீட்டுத் தண்டில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியம். மூன்று சென்டிமீட்டரையும் ஒரேயடியாக ஏற்றாமல் அன்று பாதி, மறுநாள் மீதி என்று ஏற்றினேன். வலித்த காலுக்குத் திடீர் மாற்றமும் ஆகாது.

டிரைவர் தம்பியிடம் வரவில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு பாடம் சொன்னார். அது நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. "எங்க கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியலீன்னா, எங்களுக்கு நீங்க ரோட்டுலயே இல்லீங்கக்கா. இடது பக்கம் முன் சக்கரத்துக்கு ஒட்டி எதுவும் தெரியாது. லாரி மெதுவாப் போகுதேன்னு இடது பக்கமா முந்தாதீங்க. நாங்க முந்துனா ஹேண்டிலை இறுக்கிப் புடிச்சுக்குங்க. காத்து முதல்ல தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும்." அந்த இழுப்பு உண்மைதான். பெரிய வண்டி தாண்டும் நேரத்தில் சைக்கிள் அரை அடி உள்ளே போகும். ஆகவே வெள்ளைக் கோட்டிலிருந்து எப்போதும் இரண்டு அடி தள்ளியே ஓட்டினேன்.

கராட் போய் கிருஷ்ணாவும் கொய்னாவும் சேரும் பிரீதி சங்கமத்தில் தண்ணீரில் காலை விட்டு அரை மணி உட்கார்ந்தேன். வலி குறைந்திருந்தது, போகவில்லை. கணவரிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். சீட்டுக் கதையையும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, "அந்தக் கடைக்காரனை நான் போய்ப் பார்த்துக்கறேன்" என்றார். கார் எடுத்து வருவதைப் பற்றிப் பேசவில்லை.

பழக்கமில்லாத வேலை செய்தால் தசை வலி உடனே உச்சத்துக்குப் போகாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் அதிகம். பிறகு தானாக இறங்கிவிடும். இது தெரியாமல்தான் பலர் இரண்டாம் நாளே திரும்பிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் தசை வலி வேறு, மூட்டு வலி வேறு. தொடையில் பரவலாக வலித்தால் ஓட்டலாம். மூட்டில் ஒரே இடத்தில் குத்தினால் நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை கராட் தபால் ஆபீசுக்குப் போய் மூன்று கிலோ பார்சல் புனேக்கு அனுப்பினேன். இரண்டாவது ஸ்வெட்டர், மாற்றுச் செருப்பு, கனமான பூட்டு, இரண்டு புடவை. அம்மாவுக்கு வாங்கிய சால்வையையும் தக்காளித் தொக்கு பாட்டிலையும் மட்டும் விடவில்லை. தொக்கு இருந்தால் எந்த ஊர் சப்பாத்தியும் இறங்கும்.

சாப்பாட்டைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் பழகியவர்கள். சைக்கிளில் அது நடக்காது. மணிக்கு 300 முதல் 400 கலோரி செலவாகும். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சில மணி நேரத்துக்குத்தான். அது தீர்ந்தால் பசிகூடத் தெரியாது. திடீரென்று கை நடுங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். முதல் நாள் சாத்தாரா வருவதற்கு முன் எனக்கு அப்படி ஆனதை மனவருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் பசிதான்! மூன்றாம் நாளிலிருந்து பசிக்கிறதோ இல்லையோ, முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது தின்றேன். வாழைப்பழம், கடலை மிட்டாய், போஹா. வழியெல்லாம் ரசவந்தி என்று போர்டு போட்ட கரும்புச் சாறு கடைகள். மெஷினில் கட்டிய சலங்கைச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். எலுமிச்சையும் உப்பும் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்லிக் குடித்தால், வியர்வையில் போன உப்பும் திரும்பும்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நம்மிடம் உள்ள வழக்கம். பெட்ரோல் பங்கில் கழிப்பறை, குடிதண்ணீர், காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. சாவி கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். சைக்கிளுக்கென்றே பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை உண்டு. அதைச் சல்வாருக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகிவிடும். தினமும் இரவு துவைத்துக் காயப்போட வேண்டும். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் புண்ணோடு ஓட்டினேன்.

கோல்ஹாப்பூர் வரை 74 கிலோமீட்டர். கரும்பு வெட்டும் காலம். ஒரு டிராக்டர் பின்னால் இரண்டு டிரெய்லர் கட்டி, கூரை உயரத்துக்குக் கரும்பு அடுக்கி, பாட்டை அலறவிட்டுக்கொண்டு வருவார்கள். டிரைவருக்குப் பின்னால் வருவது ஒன்றும் கேட்காது. உதிர்ந்த கரும்பில் சக்கரம் ஏறினால் வழுக்கும். ஆனால் ஒரு டிராக்டர்க்காரப் பையன் ஓடும்போதே ஒரு கரும்பை உருவி நீட்டினான். அதை கேரியரில் கொடி மாதிரி கட்டிக்கொண்டு பஞ்சகங்கா பாலம் தாண்டினேன். அன்று தங்கியது நம் சங்க உறுப்பினர் ஒருவரின் உறவினர் வீட்டில். ரசம் சாதம் போட்டார்கள். மூன்று நாளில் மூன்று வருடம் ஆனது மாதிரி இருந்தது எனக்கு.

நாலாம் நாள் எழுந்தபோது வலியைத் தேடினேன், காணவில்லை. பதிலுக்கு இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்திருந்தன. உள்ளங்கையின் ஓரத்தில் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது. பிடியை அடிக்கடி மாற்றினால், முழங்கையைத் தளர்த்தி வைத்தால் குறையும். தூத்கங்கா ஆறு, கொக்னோளி, கர்நாடக எல்லை. போர்டுகளில் எழுத்து மாறியது. படிக்கத் தெரியாவிட்டாலும் கன்னட எழுத்தின் வளைவைப் பார்த்ததும் ஊர்ப் பக்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு எண்ணம். நிப்பாணியில் புகையிலை வாசனை. அதற்கப்பால் தவந்தி காட்டில் ஒரு தடவைகூட இறங்காமல் ஏறினேன். சங்கேஷ்வரில் மூன்று மணிக்கே தங்கிவிட்டேன். இன்னும் இருபது கிலோமீட்டர் போயிருக்கலாம். போகாமல் நின்றதுதான் அந்த ஐந்து நாளில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் பெல்காம் (இப்போது பெலகாவி) ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் காற்று. ஜனவரியில் தக்காணத்தில் பெரும்பாலும் கிழக்குக் காற்று. நாம் தெற்கே போவதால் இடது தோளில் அடிக்கும். விடியற்காலையில் அமைதியாக இருக்கும், பத்து மணிக்குமேல் வேகம் பிடிக்கும். மலைக்கு உச்சி உண்டு, காற்றுக்கு இல்லை. அதனால் வேகத்தைப் பற்றி நினைக்காமல், ஏற்றத்துக்கு மாற்றுகிற மாதிரி கியரை இரண்டு படி குறைத்து, மணிக்கு பத்து கிலோமீட்டர் வந்தாலும் சரி என்று ஓட்ட வேண்டும். நான் அன்றிலிருந்து ஆறு மணிக்கே தயாராகி, வெளிச்சம் வந்தவுடன் கிளம்பி, ஒரு மணிக்குள் முடித்துவிடும் வழக்கத்துக்கு வந்தேன். வந்தமுரி ஏற்றம் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது மீட்டரில் 346 கிலோமீட்டர் காட்டியது.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எந்த ஊருல இருக்க?"

"பெல்காம்மா. கர்நாடகா வந்துட்டேன்."

"சைக்கிள்லயேவா?"

"சைக்கிள்லயேதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உக்கார்ற எடம் புண்ணாயிருக்குமே. தேங்கா எண்ண தடவு. எனக்கு அப்ப அதான் கேட்டுச்சு" என்றார். பிறகு, "என்னைக்கு வருவ? மாவு ஆட்டணும்."

"வெள்ளிக்கிழமை வந்துருவேன்மா. போகிக்கு முந்தின நாள்."

"அப்ப நான் பொங்கலன்னைக்குன்னு வச்சுக்கறேன்."

நான் போய்ச் சேர்ந்தது பொங்கலன்று மத்தியானம். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "முன்கம்பி இருக்கு, ஆனா கீழ எறக்கி வச்சிருக்கானே. இதுல புள்ளைய எப்புடி உக்கார வைக்கிறது?" என்று கேட்டார்.